குளத்து நீரில் மீன் நிற்கும் இடமும் கண் காட்டும் இடமும்: ஒளியின் முறிவும் சிதறலும்

குளக்கட்டு (கிளிநொச்சி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இரணைமடுக் குளத்து நீரில் வயல் செய்யும் குடும்பத்தில் பிறந்தவன் நான். பௌதிகவியலைச் சாதாரண தரத்தோடு விட்டவன். தரம் பதினொன்றில் படிக்கும் என் மகள் சென்ற கிழமை கொண்டுவந்த ஒரு கேள்விக்கு விடை சொல்ல முடியாமற்போனதால் இங்கே எழுதுகிறேன். நீருக்குள் சரிவாக நட்ட ஒரு தடியை வரையச் சொன்னபோது, நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள பகுதியை அவள் கீழ்நோக்கி மடித்து வரைந்திருக்கிறாள். "காற்றிலிருந்து நீருக்குள் போகும் ஒளி செவ்வனை (நீர்மட்டத்துக்குச் செங்குத்தான கோட்டை) நோக்கி முறியும் என்று படித்தோம், ஆகவே தடியும் செவ்வனை நோக்கித்தானே முறிந்து தெரிய வேண்டும்" என்பது அவளுடைய நியாயம். தடி மேல்நோக்கி மடிந்துதான் தெரியும் என்பது வாய்க்காலில் இறங்கி நின்ற எவருக்கும் தெரிந்த விடயம். ஆனால் அவள் படித்த விதி பிழையா, அவள் அதைப் பொருத்திய இடம் பிழையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

என் மனத்தில் நெடுநாளாகக் கிடக்கும் இரண்டு சந்தேகங்களையும் இதோடு சேர்த்துக் கேட்டுவிடுகிறேன். என் ஐயா இரவில் அரிக்கன் லாம்போடு போய் வாய்க்காலில் விரால் குத்துபவர். "மீனைப் பார், ஆனால் மீனுக்குக் கீழே குத்து" என்று எனக்குச் சொல்லித் தந்தார். ஏன் கீழே, எவ்வளவு கீழே என்பதற்கு அவரிடம் கை அளவுதான் இருந்தது, கணக்கு இருக்கவில்லை. மற்றையது, மாரியில் குளத்து நீர் தேநீர் நிறத்தில் கலங்கிக் கிடக்கிறது. ரோர்ச் வெளிச்சம் ஒரு முழத்துக்கு மேல் இறங்காது. அதே நீர் வான் பாயும்போது (குளம் நிரம்பி வழியும்போது) நுரைத்து வெள்ளையாகத் தெரிகிறது. ஒரே நீருக்கு இரண்டு நிறம் எப்படி வருகிறது?

முல்லை ஆசிரியர் எழுதியது:

உங்கள் மகள் படித்த விதி சரி. அவள் ஒளிக்குரிய விதியைத் தடிக்குப் பொருத்திவிட்டாள், அவ்வளவுதான். இந்தப் பிழையை நான் வகுப்பறையில் ஆண்டுதோறும் காண்கிறேன். கவனமாகச் சிந்திக்கும் பிள்ளைகளே இதில் அதிகம் விழுகிறார்கள், ஏனென்றால் விதியை நினைவில் வைத்திருப்பவர்கள் அவர்கள்தான்.

நாம் தடியைப் பார்க்கும்போது ஒளி நம் கண்ணிலிருந்து தடிக்குப் போவதில்லை. தடியின் நுனியிலிருந்து புறப்பட்டு, நீருக்குள் ஏறி, மேற்பரப்பைக் கடந்து, காற்று வழியாக நம் கண்ணுக்கு வருகிறது. நீரிலிருந்து காற்றுக்கு வெளிவரும்போது அது செவ்வனை விட்டு விலகி முறிகிறது, அதாவது முன்னரை விடச் சாய்ந்து வருகிறது. கண்ணுக்கும் மூளைக்கும் இந்த முறிவு தெரியாது. ஒளி வந்து சேர்ந்த திசையிலேயே நேர்கோட்டைப் பின்னோக்கி நீட்டி, அந்தக் கோட்டில் நுனி இருப்பதாக அவை கொள்கின்றன. அந்தக் கோடு உண்மையான பாதையை விடச் சாய்வானது. ஆகவே நுனி இருக்கும் இடத்தை விட மேலே தெரிகிறது, தடி மேல்நோக்கி மடிகிறது. ஒளி ஒரு பக்கம் முறிவதனாலேயே தடி மறு பக்கம் முறிந்து தெரிகிறது. படத்தில் இரண்டு கோடுகளை இரண்டு நிறங்களில் வரையச் சொல்லுங்கள்: ஒளி வந்த வழி ஒன்று, கண் நம்பும் வழி மற்றொன்று. இந்த இரண்டையும் ஒரே கோடாக வரைந்து குழப்பும் படங்களை அச்சிட்ட பயிற்சிப் புத்தகங்களிலும் கண்டிருக்கிறேன். அது என்னை மிகவும் வருத்துகிறது.

முறிவு ஏன் நிகழ்கிறது என்பதற்கு நான் வயலிலிருந்தே உதாரணம் சொல்வது வழக்கம். லாண்ட்மாஸ்ரர் என்று நாம் அழைக்கும் இருசில்லு உழவு இயந்திரத்தைத் தெருவிலிருந்து சேற்று வயலுக்குள் சரிவாக இறக்கினால், முதலில் சேற்றைத் தொடும் சில்லு மெதுவாகும், மற்றச் சில்லு இன்னும் வேகமாக ஓடும், இயந்திரம் மெதுவான பக்கமாகத் திரும்பும். நேரே இறக்கினால் இரண்டு சில்லும் ஒன்றாக மெதுவாகும், திரும்பாது. ஒளி காற்றில் செக்கனுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றரும் நீரில் ஏறத்தாழ 2 இலட்சத்து 25 ஆயிரம் கிலோமீற்றரும் செல்கிறது. இந்த இரண்டின் விகிதமே நீரின் முறிவுச்சுட்டி, 1.33.

ஐயாவின் கை அளவுக்கு வருகிறேன். மீன் ஒரு மீற்றர் ஆழத்தில் நிற்கிறது, நீங்கள் அதைச் செவ்வனுக்கு 45 பாகை சாய்வில் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நீருக்குள் அந்த ஒளியின் சாய்வு 32 பாகைதான். உங்கள் பார்வைக் கோட்டில் நேரே ஈட்டியை எறிந்தால், அது மீனின் நேர் மேலே வரும்போது 63 சென்ரிமீற்றர் ஆழத்தில்தான் இருக்கும். அதாவது மீனுக்கு ஏறத்தாழ 37 சென்ரிமீற்றர் மேலாகக் கடந்துபோய்விடும். ஈட்டி ஒளியைப் போல் முறிவதில்லை. கீழே குத்தச் சொன்ன உங்கள் ஐயா முற்றிலும் சரியானதையே சொன்னார்.

வள்ளக்காரன் எழுதியது:

சேர் சொன்ன கணக்கை நான் கையால் அறிந்திருக்கிறேன். வள்ளத்தின் ஓரத்தில் நின்று நேர் கீழே பார்த்துக் குத்தும்போது பக்கவாட்டில் தவறுவதில்லை. ஆனால் ஈட்டி எதிர்பார்த்ததை விடக் கூடுதலாக இறங்கிய பின்னரே மீனில் படும். கொக்குகளும் இதை அறிந்தவை போலத்தான் கொத்துகின்றன.

நான் எழுத வந்தது வேறு காரியம். சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் வலை வைக்கும் குளம் ஒன்றின் கட்டில் நின்ற ஒரு சிறுவன், நீருக்குள் விழுந்த பந்தை எடுக்க இறங்கினான். அடியில் கிடந்த கல் கட்டிலிருந்து தெளிவாகத் தெரிந்ததனால் இடுப்பளவு நீர் என்று நினைத்துக் கால் வைத்தவன், தலைக்கு மேல் முழுகிவிட்டான். வள்ளம் அருகில் இருந்ததனால் தூக்கிவிட்டோம். அவனுடைய தாய்க்கு அன்றைக்கு என்னால் விளக்கம் சொல்ல முடியவில்லை. கட்டிலிருந்து பார்ப்பவருக்கு ஆழம் எவ்வளவு குறைந்து தெரியும் என்று சேர் கணக்காகச் சொன்னால் நல்லது.

வவுனியா உயர்தரம் எழுதியது:

அண்ணா, தோற்ற ஆழம் உண்மை ஆழத்தை 1.33 ஆல் பிரித்தால் வரும். அதாவது முக்கால் பங்கு. ஆறு அடி நீர் நாலரை அடியாகத் தெரியும். எங்கிருந்து பார்த்தாலும் இதுதான் என்று நான் விளங்கிக்கொண்டிருக்கிறேன்.

முல்லை ஆசிரியர் எழுதியது:

தங்கை, "எங்கிருந்து பார்த்தாலும்" என்ற இடத்தில் கவனம் வேண்டும், அந்தச் சிறுவன் முழுகியது அந்த இடத்தில்தான். முக்கால் பங்கு என்ற சூத்திரத்தை நிறுவும்போது, கோணங்கள் மிகச் சிறியவை என்று கொண்டு சைனையும் தாஞ்சனையும் சமமாக எடுத்துக்கொள்கிறோம். நேர் மேலிருந்து பார்ப்பவருக்கு மட்டுமே அது பொருந்தும். குளக்கட்டில் நிற்பவர் நேர் மேலிருந்து பார்ப்பதில்லை, சாய்வாகவே பார்க்கிறார்.

செவ்வனுக்கு 60 பாகையில் பார்ப்பதாகக் கொள்வோம். சைன் 60 பாகை 0.866, அதை 1.33 ஆல் பிரித்தால் 0.65, ஆகவே நீருக்குள் ஒளியின் சாய்வு ஏறத்தாழ 40.5 பாகை. நம் இரண்டு கண்களும் கிடையாக அமைந்திருப்பதால், இரண்டும் வரையும் பார்வைக் கோடுகள் கல்லின் நேர் மேலே ஒரு புள்ளியில் சந்திக்கின்றன. அந்தப் புள்ளியின் ஆழம், உண்மை ஆழத்தைத் தாஞ்சன் 40.5 பாகையால் பெருக்கித் தாஞ்சன் 60 பாகையால் பிரித்தால் கிடைக்கும். விடை 0.49. ஆறு அடி ஆழம் மூன்று அடியாகத் தெரிகிறது. வளர்ந்தவரை முழுக்கக்கூடிய நீர் சிறுவனின் இடுப்பளவாகத் தெரிகிறது. இன்னும் சாய்ந்து பார்த்தால் இன்னும் குறையும், அடி மேலெழுந்து வருவது போலத் தோன்றும். நீர் தெளிவாக இருக்கும் கோடைத் தொடக்கத்திலேயே இந்த ஆபத்து மிகுதி; கலங்கிய நீரில் அடி தெரியாததால் எவரும் கண்ணை நம்பி இறங்குவதில்லை. இந்தக் கணக்கை நான் சாதாரண தரப் பிள்ளைகளுக்கும் கரும்பலகையில் செய்துகாட்டுகிறேன். பாடத்திட்டத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

மன்னார் வாசகர் எழுதியது:

இந்த விதியின் வரலாற்றைப் பற்றி ஒரு குறிப்பு. நீரில் ஒளி எவ்வளவு முறிகிறது என்பதைக் கோணம் கோணமாக அளந்து அட்டவணை இட்டவர் இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தொலமி. அவரிடம் எண்கள் இருந்தன, சரியான விதி இருக்கவில்லை. விதியை முதலில் சரியாகக் கண்டவர் பக்தாத்தில் இருந்த இபின் சால். 984 ஆம் ஆண்டளவில் அவர் எழுதிய கையெழுத்துப்படியில் அது வடிவகணித வடிவில் இருக்கிறது. நெதர்லாந்தின் சினெல் 1621 இல் மீண்டும் கண்டார், ஆனால் அவர் வெளியிடவில்லை. தேக்கார்ட் 1637 இல் அச்சிட்டார். இபின் சாலின் பெயரையும் பாடசாலையில் சொன்னால் நியாயமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

இணையத்தில் தேடும் பிள்ளைகளுக்காக இன்னொன்றும் சொல்லவேண்டும். நாம் முறிவு என்பதைத் தமிழகப் புத்தகங்கள் ஒளிவிலகல் என்கின்றன. நம் அவதிக்கோணம் அங்கே மாறுநிலைக் கோணம். நம் முழுவுட்டெறிப்பு அங்கே முழு அக எதிரொளிப்பு. பொருள் ஒன்றுதான்.

நந்திக்கடலோரம் எழுதியது:

சிதறலைப் பற்றிய கேள்வி விடையின்றி நிற்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான், ஆகவே சற்று நீளமாக எழுத அனுமதி வேண்டுகிறேன்.

மாரி மழை செம்மண்ணைக் கழுவிக்கொண்டு குளத்துக்குள் வருகிறது. அதில் மணல் விரைவில் அடியில் தங்கிவிடும், ஆனால் நுண்ணிய களித் துகள்கள் நாட்கணக்கில் மிதக்கும். ஒவ்வொரு துகளும் தன் மீது விழும் ஒளியைப் பல திசைகளிலும் திருப்பிவிடுகிறது. ரோர்ச் வெளிச்சம் முன்னேறாமல் பக்கங்களுக்கும் நம் கண்ணுக்கும் திரும்பி வருவதால், நீருக்குள் ஒரு மங்கலான திரை தொங்குவது போலத் தெரிகிறது. செம்மண்ணில் உள்ள இரும்பு ஒட்சைட்டுகள் நீல ஒளியை விழுங்கிவிடுவதால், திரும்பி வரும் ஒளி பழுப்பாகிறது. பழைய வீடுகளில் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் தேய்த்துக் கலங்கல் நீரைத் தெளியவைப்பார்கள். அந்த வித்தின் சாறு களித் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் பாரமாக்கி அடியில் இறக்கிவிடும். சிதறவைக்கும் துகள் போய்விட்டால் ஒளி மீண்டும் நேரே செல்லும்.

வானில் பாயும் நீர் வெண்மையாவது வேறு வழியில். நீர் கீழே விழுந்து மோதும்போது எண்ணற்ற காற்றுக் குமிழிகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு குமிழியின் சுவரும் நீருக்கும் காற்றுக்கும் இடையிலுள்ள ஓர் எல்லை. நீரிலிருந்து காற்றை நோக்கிச் செல்லும் ஒளி 48.6 பாகை என்ற அவதிக்கோணத்தைத் தாண்டிச் சாய்ந்து விழுந்தால் வெளியேற முடியாது, முழுவுட்டெறிப்படைந்து திரும்பிவிடும். உருண்டையான குமிழியின் மீது விழும் ஒளியில் நூற்றுக்கு 44 பங்கு இப்படி முழுவதாகத் திரும்புகிறது என்று எளிய வடிவகணிதத்தால் காட்டலாம். எஞ்சியது உள்ளே போய் முறிந்து வெளிவருகிறது. ஆயிரம் குமிழிகளைக் கடக்கும்போது ஒளி எத்திசையிலிருந்து வந்ததென்பதே அழிந்துபோகும். குமிழிகள் ஒளியின் அலைநீளத்தை விட மிகப் பெரியவை என்பதால் எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் திருப்புகின்றன, ஆகவே வெள்ளை. களி அதே நீரில் இருந்தும் நிறம் காட்டாததற்குக் காரணம், குமிழிகளுக்கு இடையில் உள்ள நீர்ப்படலம் மெல்லியது. நீலத்தை விழுங்குமளவுக்கு ஒளி களிக்குள் தூரம் போகுமுன்னர் வெளியே திரும்பிவிடுகிறது.

அண்ணாவின் இரண்டு கேள்விகளும் உண்மையில் ஒரே கேள்வி என்று நான் நினைக்கிறேன். ஒழுங்கான ஒரு நீர்மட்டத்தில் ஒருமுறை நிகழ்ந்தால் அதை முறிவு என்கிறோம். ஒழுங்கற்ற ஆயிரம் மட்டங்களில் ஆயிரம் முறை நிகழ்ந்தால் சிதறல் என்கிறோம். நனைந்த செம்மண் ஏன் கருமையாகத் தெரிகிறது என்பதும் இதன் மறுபக்கமே. உலர்ந்த மண்ணில் துகளுக்கும் காற்றுக்கும் இடையே முறிவுச்சுட்டி பெரிதாகத் தாண்டுகிறது, ஒளி விரைவில் திரும்பி வருகிறது. இடைவெளிகளில் நீர் நிறைந்தால் அந்தத் தாண்டல் சிறுத்து, ஒளி ஆழமாக இறங்கி உள்ளேயே விழுங்கப்படுகிறது.

வவுனியா உயர்தரம் எழுதியது:

தூய நீரில் துகளும் இல்லை, குமிழியும் இல்லை. அப்படியென்றால் அங்கே சிதறல் இருக்கக் கூடாதல்லவா? முல்லைத்தீவுக் கடல் நீலமாகத் தெரிவது வானத்தின் தெறிப்பு என்றுதான் நான் படித்தேன்.

நந்திக்கடலோரம் எழுதியது:

தங்கை, நீங்கள் சொன்னதைத்தான் இறேலி பிரபுவும் நம்பினார். அவர் 1871 இல் வானத்தின் நீலத்தை விளக்கியவர்: மிகச் சிறிய துகள்கள் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்மாறாக ஒளியைச் சிதறவைக்கும், ஆகவே நீலம் சிவப்பை விட மிகுதியாகச் சிதறும். ஆனால் கடலின் நீலம் வானத்தின் தெறிப்பு மட்டுமே என்று அவர் கருதினார். அதை மறுத்தவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த ச. வெ. இராமன். 1921 இல் மத்தியதரைக் கடலில் கப்பற் பயணம் செய்தபோது அவர் நிக்கோல் அரியம் ஒன்றைக் கையில் வைத்துக் கடலைப் பார்த்தார். நீர்மட்டத்தில் செவ்வனுக்கு ஏறத்தாழ 53 பாகையில் தெறிக்கும் ஒளி முனைவாக்கம் அடைந்திருக்கும், அதாவது அதன் அதிர்வு ஒரே தளத்தில் ஒடுங்கியிருக்கும். அரியத்தைத் தகுந்தபடி திருப்பினால் அந்தத் தெறிப்பை அணைத்துவிடலாம். வானத்தின் தெறிப்பை அணைத்த பின்னரும் கடல் நீலமாகவே இருந்தது, முன்னரை விட ஆழ்ந்த நீலமாக. இதை அவர் அந்த ஆண்டே நேச்சர் இதழில் எழுதினார்.

தூய நீரில் எப்படிச் சிதறல் என்பதற்கு அவர் எடுத்துக்கொண்டது பௌதிகவியலாளர்களான சிமொலுச்சோவ்சுக்கியும் ஐன்சுடைனும் முன்னரே கொடுத்திருந்த விளக்கம். நீர் மூலக்கூறுகள் ஓயாது அலைவதால், மிகச் சிறிய இடங்களில் அடர்த்தி கணத்துக்குக் கணம் கூடிக் குறைகிறது. நீர் முழுவதும் சீராக இருந்தால் ஒவ்வொரு மூலக்கூறும் பக்கவாட்டில் திருப்பும் ஒளி ஒன்றையொன்று அழித்து, முன்னோக்கிய ஒளி மட்டுமே எஞ்சும். சீர் குலையும் இடத்தில் அந்த அழிப்பு முழுமையாவதில்லை, சிறிது ஒளி சிதறுகிறது. இராமன் மூலக்கூற்றுச் சிதறலையே முதன்மையாகக் கண்டார். நீர் சிவப்பு ஒளியைச் சிறிதளவு விழுங்குவதற்கும் ஆழ்நீரின் நிறத்தில் பெரும் பங்கு உண்டு என்பது இன்று தெளிவாகியுள்ளது. அவர் அன்றைக்குத் தொடங்கிய தேடல் 1928 இல் அவர் பெயர் தாங்கிய விளைவிலும் 1930 இல் நோபல் பரிசிலும் முடிந்தது. நம் மொழியில் பேசி வளர்ந்த ஒருவர் கடலைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

வள்ளக்காரன் எழுதியது:

முனைவாக்கக் கண்ணாடி அணிந்தால் நீருக்குள் மீன் தெரியும் என்று சொல்வார்கள். அதன் காரணம் இப்போதுதான் விளங்கியது. நாம் மீனைப் பார்ப்பதைப் பேசிவிட்டோம்; மீன் நம்மை எப்படிப் பார்க்கிறது என்று சொல்வீர்களா, சேர்? குனிந்து வந்தால் மீன் ஓடாது என்பது எங்கள் பழக்கம்.

முல்லை ஆசிரியர் எழுதியது:

அருமையான கேள்வி. மீன் மேலே பார்க்கும்போது, வெளியுலகம் முழுவதும் 97 பாகை விரிந்த ஒரு வட்டச் சாளரத்துக்குள் அடங்கிவிடுகிறது. அவதிக்கோணத்தின் இருமடங்கு அது. ஒரு மீற்றர் ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அந்த வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 2.3 மீற்றர். அதற்கு வெளியே நீர்மட்டம் கண்ணாடி போல் குளத்தின் அடியையே காட்டும். கரையில் நிற்கும் மனிதர் அந்த வட்டத்தின் விளிம்பில் நசுங்கிய உருவமாகத் தெரிவார். நீங்கள் குனியும்போது இன்னும் விளிம்புக்குப் போகிறீர்கள். செவ்வனுக்கு 80 பாகையில் வரும் ஒளியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு நீர்மட்டத்திலேயே தெறித்துவிடுகிறது. நேரே விழும் ஒளியில் தெறிப்பது நூற்றுக்கு இரண்டுதான். ஆகவே குனிந்தவர் நசுங்கியும் மங்கியும் தெரிகிறார். சிறு அலை இருந்தால் அந்த விளிம்பு கலைந்தே போய்விடும்.

குளக்கட்டு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று முற்றத்தில் இருந்த நீலப் பரலை (பீப்பாயை) விளிம்புவரை நிரப்பி, 32 அங்குல ஆழத்தில் ஒரு நாணயத்தைப் போட்டோம். பரலுக்கு வெளியே இன்னொரு நாணயத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, தலையை அசைத்துப் பார்க்கும்போது இரண்டும் ஒன்றாக நகரும் உயரத்தை மகள் கண்டுபிடித்தாள். நேர் மேலிருந்து பார்த்த மூன்று தடவைகளும் 23 முதல் 25 அங்குலத்துக்குள் வந்தன, கணக்கின்படி 24. பின்னர் நாணயத்தை ஓரத்துக்குத் தள்ளி 45 பாகையில் பார்த்தபோது 20 அங்குலத்தை ஒட்டி வந்தது. முக்கால் பங்கு எப்போதும் சரியல்ல என்பதை அவளே அளந்து ஏற்றுக்கொண்டாள். படத்தையும் இரண்டு நிறங்களில் திருத்தி வரைந்துவிட்டாள்.

இன்று மாலை துருசுக்கு (குளத்து மதகுக்கு) அருகே, பிள்ளைகள் குளிக்கும் இடத்தில், அடிக்கு ஒரு வெள்ளைக் கோடு பூசிய கம்பு ஒன்றை நட்டுவிட்டு வந்தோம். கட்டில் ஏறி நின்று பார்த்தபோது, நீருக்கு மேலே உள்ள கோடுகள் ஒரு முழு அடி இடைவெளியில் நின்றன. நீருக்குள் இருந்தவை அரை அடிக்கு ஒன்றாக நெருங்கிக் கிடந்தன.